சீப்பு, கத்தரி, கத்தி

உள்ள வாங்க சார். கடை இருக்கு. தெரு பூரா ஷட்டர் இறங்கிக் கிடக்கேன்னு யோசிக்காதீங்க, யாரும் சாகல. உக்காருங்க. ஷேவிங்கா, கட்டிங்கா? ஷேவிங் மட்டுமா, சரி. காலர உள்ள மடிச்சுக்கிடுதேன். தலைய நல்லாச் சாச்சுக்கோங்க.

காலையில இருந்து நீங்கதான் மொத ஆளு. இந்த ரோட்டுல பதினோரு சலூன் இருக்கு. என் கடையத் தவிர மத்த பத்தும் பூட்டு. லீவான்னா கேக்கீங்க? லீவு இல்ல சார், அதான் விசயமே. இன்னிக்கு லீவு கிடையாதுன்னு மாநிலம் பூரா ஓட்டுப் போட்டு முடிவு பண்ணியாச்சு. முடிவு பண்ணின பிறகும் பூட்டிட்டுப் போயிருக்காங்க. நான் சலூன்காரங்க சங்கத்துல வட்டச் செயலாளர். முடிவுக்குக் கட்டுப்பட்டவன். அதான் திறந்து வச்சிருக்கேன்.

பிளேடு புதுசு, பாத்துக்கோங்க. உங்க கண்ணு முன்னாலதான் பிரிக்கேன்.

என்ன ஓட்டுன்னு கேட்டீங்களா? சோப்பு போடும்போது வாயத் திறக்காதீங்க, நானே சொல்லுதேன். வருசா வருசம் ஆகஸ்ட் பத்தொம்பதாந் தேதி தமிழ்நாட்டுல இருக்க அத்தனை சலூனும் லீவு விடணும், அந்த நாளுக்கு 'எல்லாருக்கும் நாற்காலி நாள்'னு பேரு வைக்கணும்னு ஒரு தீர்மானம். எதுக்குன்னா, ஒரு காலத்துல கிராமத்துச் சலூன்ல கீழத்தெரு ஆளுகள உக்கார விட மாட்டாங்க. முடி வெட்டணும்னா டவுனுக்கு நடக்கணும். இல்லன்னா அவங்களுக்குள்ளயே ஒருத்தனுக்கு ஒருத்தன் புளியமரத்தடியில வெட்டிக்கிடணும். எங்க பக்கத்துல மொத மொதல்ல ஒருத்தர் அத மீறினாரு. கீழத்தெருப் பையன கடைக்குள்ள கூப்பிட்டு, நாற்காலியில உக்கார வச்சு, கதவத் திறந்து வச்சுக்கிட்டே முடி வெட்டினாரு. எம்பத்து மூணாம் வருசம், ஆகஸ்ட் பத்தொம்பது. அந்த ஒருத்தர் வேற யாருமில்ல. என் கூடப்பொறந்த அண்ணன், செண்பகராஜ்.

இப்ப நீங்க என்ன நினைக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அண்ணன் நாளுக்கு ஊரே கடையடைச்சிருக்கு, தம்பிக்காரன் கத்தியத் தீட்டிக்கிட்டு நிக்கானேன்னுதான. நினைச்சுக்கோங்க. காலையில டீக்கடையில நாலு பேரு என் காதுபடவே சொன்னாங்க. சொல்லுத வாய்க்குப் பூட்டா போட முடியும்?

சாருக்கு எந்த ஊரு? அப்படியா. நல்ல ஊரு, ஒரு துஷ்டிக்கு, சாவு வீட்டுக்கு வந்திருக்கேன். அங்க ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா? சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். கேக்கது பழகிப் போச்சு, தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க ஊரு பேரு எதுக்கு, இங்கேருந்து பஸ்ல அரைமணி நேரம். அங்க எங்க வீடு ஒண்ணுதான் இந்தத் தொழிலு. அப்பா காலத்துல வீடு வீடாப் போயி வெட்டுனது. அண்ணன்தான் அதெல்லாம் வேண்டாம்டா, நமக்குன்னு ஒரு கடை, வாரவன் நம்மளத் தேடி வரட்டும்னு சொன்னாரு. கடைன்னா என்ன கடை, ஓலை போட்ட ஒத்தை அறை. ஆனா நாற்காலி இருந்துச்சே! சிவகாசியில ஒரு பழைய சலூன மூடுறாங்கன்னு கேள்விப்பட்டுப் போயி வாங்கிட்டு வந்தாரு. தேக்கு. தலை சாய்க்க ஏத்தி இறக்குத பலகை. ரெண்டு பக்கமும் வழுவழுன்னு கைப்பிடி. அத மாட்டுவண்டியில ஏத்திட்டு வரும்போது அண்ணன் வண்டியில உக்காரல, கூடவே நடந்து வந்தாரு. எனக்கு அப்ப இருபது வயசு. அண்ணனுக்கு இருபத்தாறு.

அந்த நாற்காலியில எல்லாரும் உக்காந்தாங்க. எல்லாரும்னா, உக்காருதவங்க எல்லாரும்.

தங்கதுரைன்னு ஒரு பையன், தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தான், கீழத்தெரு. மறுநாள் அவனுக்குக் கல்யாணம். அன்னிக்குப் பாத்து பஸ் ஸ்ட்ரைக். டவுனுக்குப் போக வழியில்ல. தலையில துண்டப் போட்டுக்கிட்டு கடை வாசல்ல வந்து நிக்கான். உள்ள வரல. கேக்கவும் இல்ல. சும்மா நிக்கான். நான் பாக்காத மாதிரி சீப்பக் கழுவிக்கிட்டிருந்தேன். அண்ணன் எட்டிப் பாத்து, "நாளைக்கு மாப்பிள்ளை, இன்னிக்கு ஏம்ப்பா வெயில்ல நிக்கே, வந்து உக்காரு"ன்னுட்டாரு. அவ்வளவுதான் சார். பெரிய பேச்சு ஒண்ணும் பேசல. கொடி பிடிக்கல. வந்து உக்காருன்னாரு. அவன் உக்காந்தான்.

நான் கதவச் சாத்தப் போனேன். "எதுக்குடா சாத்துத, வெளிச்சம் வேண்டாமா"ன்னு கேட்டாரு. திறந்தே கிடந்துச்சு.

சாயந்திரம் கோயில் முன்னால கூட்டம் போட்டுட்டாங்க. மேலத்தெருப் பெரியவங்க எல்லாரும் வந்துட்டாங்க. எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. தங்கதுரையையும் அவன் அப்பாவையும் கூப்பிட்டாங்க. அவன் அப்பா அவங்க கால்ல விழுந்து எந்திரிச்சாரு, அது அந்தக் காலத்து வழக்கம், பெருசா ஒண்ணும் இல்ல. அப்புறம் நாற்காலிய உடைச்சாங்க. கோடாலியால. அதோட முடிஞ்சுது. அண்ணன் அந்த வாரமே திருப்பூருக்குப் போயிட்டாரு. அங்கேயே ஒரு கடையில சேந்து, கல்யாணம் முடிச்சு, ஒரு பொம்பளப் பிள்ளையும் பெத்து, நல்லாத்தான் இருந்தாரு. போய்ச் சேந்து நாலு வருசம் ஆகுது.

நான் ஊர்லயே இருந்தேன். இருந்தாகணும்ல? அம்மா இருந்தாங்க. ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டுப் போயிட்டா கிழவி என்ன செய்வா. ஊரோட ஒத்து வாழ்னு சும்மாவா சொன்னாங்க. இன்னொண்ணும் சொல்லணும், ஊர்க்காரங்களும் ஒரேயடியா கெட்டவங்க இல்ல சார். நாலு மாசம் கழிச்சு அவங்களே எனக்கு ஒரு நாற்காலி வாங்கிக் குடுத்தாங்க. இரும்பு நாற்காலி, புதுசு. அப்புறமும் ஒம்பது வருசம் அங்கதான் தொழில் பாத்தேன். பிறகுதான் இங்க வந்தேன்.

வலிக்குதா? இல்லையா. முடி கொஞ்சம் மொரடு உங்களுக்கு. இன்னொருக்கா ஓட்டிருவோம்.

அண்ணன் மகளப் பத்திச் சொல்லணும். தமயந்தி. திருப்பூர்ல பியூட்டி பார்லர் வச்சிருக்கா. சங்கத்துல மகளிர் அணிக்கு அவதான் எல்லாம். எனக்குப் பிள்ளை கிடையாது சார். வீட்டுக்காரி போயி ஆறு வருசம். எனக்குன்னு இந்த உலகத்துல 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்க ஒரே ஆளு அவதான். செவ்வாய்க்கிழமை நமக்கெல்லாம் லீவுதான, ஒவ்வொரு செவ்வாயும் பதினோரு மணிக்கு போன் வந்துரும். சித்தப்பா, மாத்திரை போட்டீங்களா. சித்தப்பா, கண்ணாடிய மாத்துனீங்களா. சர்க்கரை கூடிருச்சுன்னு போன வருசம் ஆஸ்பத்திரியில கிடந்தேன், பார்லரப் பூட்டிட்டு வந்து எட்டு நாளு பக்கத்துலயே இருந்தா. பெத்த பிள்ளை செய்யாது அத.

அவதான் தீர்மானத்தக் கொண்டுவந்தது. அண்ணன் செத்த பிறகு அவளுக்கு அதே நினைப்பு. அப்பா செஞ்சது யாருக்கும் தெரியாமப் போயிறக் கூடாதுன்னு. ரெண்டு வருசம் மாவட்டம் மாவட்டமா அலைஞ்சா. கிராமத்துல இன்னமும் ஆளு பாத்து உக்கார வைக்கிற கடை இருக்காம், அந்த ஊருக்கெல்லாம் போயி, நம்ம ஆளுககிட்டயே சண்டை போட்டிருக்கா. "நம்மள அடுத்தவன் தள்ளி வச்சான், நாம இன்னொருத்தனத் தள்ளி வைக்கலாமா"ன்னு. நல்லாப் பேசுவா. அண்ணன் பேச மாட்டாரு, இவ பேசுவா.

நான் வேண்டாம்னுதான் சொன்னேன். எதுக்கும்மா பழசக் கிண்டிக்கிட்டு, நம்ம தொழில நாமளே அசிங்கப்படுத்திக்கிடணுமான்னேன். சங்கத்துல முக்காவாசிப் பேரு அதத்தான் சொன்னாங்க. இதோ, இதே நாற்காலியில வந்து உக்காந்து என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா, "சித்தப்பா, அன்னிக்கு அங்க இருந்து இப்ப உசுரோட இருக்கதா எனக்குத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். நீங்க எந்திரிச்சு நடந்தத மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

தங்கதுரை இருக்காரா இல்லையான்னே அவளுக்குத் தெரியாது அப்ப. எங்க இருக்காருன்னு கேட்டா. தெரியலம்மான்னேன்.

திருச்சியில பொதுக்குழு. ஆயிரம் பேரு இருக்கும். தமயந்தி பேசி முடிச்ச உடனே ஒருத்தர் எந்திரிச்சாரு, பெரிய ஏசி சலூன் வச்சிருக்கவரு. "இதெல்லாம் கட்டுக்கதை. அந்தக் கடையில பங்காளி இங்கேயே இருக்காரு, அவரே சொல்லட்டும், அவரு கடையில யாரையாவது வராதேன்னு சொன்னது உண்டா"ன்னு கேட்டாரு. மைக்க என் கையில குடுத்துட்டாங்க. நான் உள்ளதத்தான் சார் சொன்னேன். எங்க கடையில யாரையும் நாங்க வராதேன்னு சொன்னதே கிடையாதுன்னேன். சத்தியமான வார்த்தை. சொன்னதே இல்ல. அவங்கதான் வரவே மாட்டாங்களே, அப்புறம் எங்க போயிச் சொல்ல? ஒரே கைதட்டல். தமயந்தி மட்டும் தட்டல. பிறகு வெளிய வந்து, "கூட்டத்தப் பாத்துப் பயந்துட்டீங்களா சித்தப்பா"ன்னு கேட்டுட்டு டீ வாங்கிக் குடுத்தா. அவளுக்கு என் மேல சந்தேகமே வராது சார். அதான் கஷ்டம்.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பாம்பும் சாகணும், கம்பும் நோகக் கூடாதுன்னு ஒரு யோசனை. லீவு வேணும்னு பாதிப் பேரு, வேண்டாம்னு பாதிப் பேரு. நடுவுல ஒண்ணு வச்சா என்ன? லீவு உண்டு, ஆனா அதுக்குப் பேரு கிடையாது. நாற்காலி, கீழத்தெரு, எம்பத்து மூணு, அதெல்லாம் பேச வேண்டாம். சும்மா 'தொழிலாளர் ஓய்வு நாள்'. எல்லாரும் வீட்டுல இருந்து கறி எடுத்துத் தின்னுட்டுப் படுக்கட்டும். யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க வேண்டாம். கமிட்டியில இதச் சொன்ன உடனே, 'குருநாதன் அண்ணாச்சி மூளை மூளைதான்'னு தோளத் தட்டுனாங்க. ஓட்டுச்சீட்டுல அதையும் சேத்துட்டாங்க. என்னையும் தேர்தல் கமிட்டியில போட்டுட்டாங்க.

நம்ம ஆளுகள்ல வயசானவங்க நிறைய பேருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால படம் போடணும். மூணு படம். பேரோட லீவு வேணும்னா சீப்பு. பேரில்லாத லீவுன்னா கத்தரி. லீவே வேண்டாம்னா கத்தி. எந்தப் படம் எதுக்குன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். வேணும்னு பண்ணல சார். வரிசையா கையில வந்தத எழுதுனேன். இப்ப உங்ககிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆகப் போகுது.

ஒரே நாள்ல தமிழ்நாடு பூரா தாலுகா தாலுகாவா பெட்டி வச்சு ஓட்டு. இந்த வட்டத்துக்கு நான்தான் பெட்டிக்குப் பொறுப்பு. சீனிக்கண்ணுன்னு ஒரு பெரியவரு, எம்பது வயசு, கண்ணு சரியாத் தெரியாது. சீட்ட வாங்கி கண்ணுகிட்ட வச்சுப் பாத்தாரு. பாத்துட்டு கத்தரிப் படத்தத் தொட்டுக் கும்பிட்டாரு. அது மேலயே குத்திட்டாரு. வெளிய வந்து, "சரஸ்வதி பூசைக்கு கத்தரியத்தான மொத வைக்கோம், வேற எதுல குத்த மனசு வரும்"ங்காரு. நான் சிரிச்சேன். அவருக்குப் பின்னால வந்த கிழவங்க பாதிப் பேரு அப்படித்தான். நம்ம சங்கக் கொடியில இருக்கதே கத்தரிதான? சோறு போடுத சாமான விட்டுட்டு சீப்புலயா குத்துவாங்க? சீனிக்கண்ணு யாரு தெரியுமா? தமயந்தி வந்து பேசினப்போ, நான் சாகுமுன்ன இந்த ஒரு நல்லது நடக்கட்டும்மான்னு அழுத ஆளு.

அத நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். தாத்தா, நீங்க நினைச்சது சீப்பு, குத்தினது கத்தரின்னு. சொல்லல. பெட்டிக்குப் பொறுப்பானவன் அப்படியெல்லாம் வாயத் திறக்கக் கூடாது, சட்டம் இருக்கு.

எண்ணி முடிச்சப்போ சீப்புக்குத்தான் அதிகம். நூத்துக்கு நாப்பத்தஞ்சு. கத்தரிக்கு முப்பது. வேண்டாம்ங்குற கத்திக்கு வெறும் இருபத்தஞ்சு. ஆனா பாதிக்கு மேல விழுந்தாத்தான் செல்லும்னு விதி. எதுவும் செல்லல. ஆக, லீவு வேணும்னு முக்காவாசிப் பேரு சொல்லியும் லீவு இல்ல. சிரிக்காதீங்க சார், கத்தி கழுத்துக்கிட்ட இருக்கு.

முடிவு வந்த மறுநாளே தமயந்தி இங்க வந்துட்டா. என் மேல கோவமா வாராளோன்னு நினைச்சேன். அவ வந்து அந்த பெஞ்சுல உக்காந்து அழுதா. "நீங்க நல்லதுக்குத்தான் நடுவுல ஒண்ணு வச்சீங்க சித்தப்பா, எனக்குத் தெரியும். அது இப்படித் திரும்பிருச்சு"ன்னா. என்னையச் சமாதானப்படுத்துதா! நான் அவ தலையத் தடவிக் குடுத்தேன். வேற என்ன செய்ய. பிறகு கண்ணத் துடைச்சுட்டு, "சட்டம் லீவு தராட்டிப் போகுது. சீப்புல குத்துனவங்க எல்லாரும் அன்னிக்கு தானா கடையடைக்கட்டும். நான் அப்பா ஊருக்குப் போகப் போறேன்"னு கிளம்பிட்டா. அதான் சார் இன்னிக்கு இத்தனை ஷட்டர் இறங்கிக் கிடக்கு. என் கடையில வேலை பாக்குத ரெண்டு பேரும் வரல. கேட்டா, "நாங்க சீப்பு அண்ணாச்சி"ங்கானுவ.

என்னையும் ஊருக்குக் கூப்பிட்டா. கோயில் முன்னால ஒரு நாற்காலியப் போட்டு, அங்க யாரு வந்தாலும் உக்கார வச்சு முடி வெட்டப் போறாளாம். நீங்க பேச வேண்டாம் சித்தப்பா, பக்கத்துல நின்னாப் போதும்னா. கடையப் போட்டுட்டு எப்படிம்மா வர, கஸ்டமர் வருவாங்கன்னேன். கஸ்டமர்! இதோ நீங்க வந்திருக்கீங்களே.

இருங்க, போன் அடிக்கு. அவதான். கையில சோப்பு. ஒரு நிமிசம்.

சொல்லு தாயி. ம். போய்ச் சேந்துட்டியா. ம். கூட்டம் இருக்கா? அப்படியா, நல்லது. பொம்பளைங்களுமா? சரி. யாரு? யாரு தாயி? தங்கதுரையா? அவரு எங்க அங்க… தூத்துக்குடியில இருந்தா வந்திருக்காரு? உன் பேச்சப் போன்ல பாத்துட்டா வந்தாரு? ஓகோ. நல்லா இருக்காரா? ம். ம். பேசணும்ங்காரா? எங்கிட்டயா? கடையில ஆளு இருக்காங்களே தாயி, பிறகு… சரி. சரி, குடு.

ஆமா. குருநாதன்தான். நல்லா இருக்கேன். நீங்க? …ம்.

ம்.

கேக்குது. சரி. சரி, வாங்க.

மன்னிச்சுக்கோங்க சார். தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

முகத்துல பாதி சோப்பு காஞ்சு போச்சு, நனைச்சு விடுதேன். அரைமணி நேரத்துல ரெண்டு பேரும் இங்க வாராங்களாம். மாலை வாங்கிக்கிட்டு. அவதான் சொன்னா, "உங்களுக்கு ஒரு மாலை போடணும் சித்தப்பா, அன்னிக்கு அப்பா கூட நின்னது நீங்க ஒருத்தர்தான"ன்னு. சந்தோசத்துல குரலே உடையுது அவளுக்கு. அப்புறம் போன அவருகிட்ட குடுத்தா. நாப்பது வருசம் கழிச்சு அந்தக் குரலக் கேக்கேன். அவரு ஒண்ணும் திட்டல. கோவப்படக் கூட இல்ல. தள்ளி நின்னு பேசுதாரு போல, காத்துச் சத்தம் வந்துச்சு. "குருநாதா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு பிள்ளை கேட்டா. நான் ஒண்ணும் சொல்லல. அது நீ சொல்ல வேண்டியது"ன்னாரு. அவ்வளவுதான். வச்சுட்டாரு.

என்ன சொல்லணும்னு உங்களுக்குப் புரியலல்ல. உங்ககிட்ட நாற்காலிய உடைச்சாங்கன்னு சொன்னேன்ல. உடைச்சாங்கன்னா யாரு? கேக்கவே இல்லையே நீங்க. யாரும் கேக்கதில்ல சார். தமயந்தியும் கேட்டதில்ல. ஊர்க்காரங்கன்னு நினைச்சுக்கிடுதாங்க.

கோயில் முன்னால நாற்காலியக் கொண்டுவரச் சொன்னாங்க. அண்ணன்கிட்ட கோடாலியக் குடுத்து, உன் கையாலயே உடைன்னாங்க. அண்ணன் கைய நீட்டவே இல்ல. அடிச்சாங்க. சட்டைய உருவிட்டு அடிச்சாங்க. அப்பவும் கைய நீட்டல. மேலத்தெருப் பெரியவீட்டு ஐயா என்னையப் பாத்தாரு. "நீ எப்படிடா, நீயும் இவன் மாதிரியா, இல்ல இந்த ஊர்ல தொழில் பாக்கணுமா"ன்னு கேட்டாரு. அவரு இன்னும் கேட்டு முடிக்கக் கூட இல்ல சார். நான் கோடாலிய வாங்கிட்டேன். யாரும் என்னைய இழுத்துப் பிடிச்சு ஒண்ணும் குடுக்கல, நானேதான் போயி வாங்குனேன். அம்மாவ நினைச்சேன்னு இத்தனை வருசம் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். அந்த நேரத்துல அம்மா நினைப்பே வரல. பயம். வெறும் பயம்.

தேக்காச்சே, லேசுல உடையல. தலைப் பலகையத்தான் மொத அடிச்சேன். அது தெறிச்சு தங்கதுரை காலுகிட்ட போயி விழுந்துச்சு. அவன் பாதி அழுகையில நிக்கான், மறுநாள் மாப்பிள்ளை. தலை மட்டும் அவ்வளவு அழகா வெட்டியிருந்துச்சு. அப்புறம் கைப்பிடி. எனக்குக் கண்ணு தெரியல, அழுகையா வேர்வையான்னு தெரியல, எங்க அடிக்கேன்னு தெரியாம அடிக்கேன். கீழ உக்காந்திருந்த அண்ணன், முதுகெல்லாம் ரத்தம், என்னைய நிமிந்து பாத்துச் சொன்னாரு. "ஏல, ஓரமா அடிக்காத. கையில தெறிச்சுரும். உனக்குத் தொழிலு கையிலதான இருக்கு."

அதுக்குப் பதிலா ஏசியிருக்கலாம். தூன்னு துப்பியிருக்கலாம். இத எதுக்குச் சொன்னாரு சார்? இத நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?

அவரு மகள்கிட்டக் கூட சொல்லல பாருங்க. சாகுத வரைக்கும் சொல்லல. சித்தப்பா தங்கமானவன், அவனத் தனியா விட்டுறாதன்னுதான் அவகிட்டச் சொல்லியிருக்காரு. அதான் அவ செவ்வாய்க்குச் செவ்வாய் போன் போடுதா. சீப்புல அவங்க ஜெயிச்சிருந்தா, வருசா வருசம் இந்த நாளு வரும், நாற்காலிய யாரு உடைச்சான்னு ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளையாவது கேட்டுரும். அது நடக்கக் கூடாதுன்னுதான் நடுவுல கத்தரிய வச்சேன். வரிசையா கையில வந்தத எழுதல சார். சீனிக்கண்ணு கத்தரியக் கும்பிடுவாருன்னு எனக்குத் தெரியும். எங்களுக்கு எல்லாருக்கும் தெரியும் அது.

இப்ப உங்ககிட்டச் சொல்லிட்டேன். எம்பத்து மூணுல இருந்து வாயில வராதது, நீங்க யாரோ என்னவோ, வந்துருச்சு. இப்படியே அவகிட்டயும் சொல்லிறலாம்ல? ஒருக்காச் சொல்லிட்டா அடுத்து லேசா இருக்கும்ங்கீங்களா? அவ என்ன செய்வா? எந்திரிச்சுப் போயிருவா. போகட்டும். போகணும். ஆனா அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நான் என்ன சார் செய்வேன்? சொல்லாம மாலைய வாங்கிக்கிட்டா, தங்கதுரை அந்த வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சும்மா நிப்பாரு.

முடிஞ்சுதான்னா கேக்கீங்க? துண்ட எடுக்காதீங்க. எந்திரிக்காதீங்க சார். தாடைக்குக் கீழ இன்னும் கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு. இல்லையா? எனக்குத் தெரியுது. உக்காருங்க. இன்னொருக்கா சோப்பு போட்டு, ஆரம்பத்துல இருந்து ஓட்டிருவோம். இதுக்குக் காசு வேண்டாம். அவங்க வாரவரைக்கும் உக்காருங்க.